ஸ்டிரைப்பருக்கு ஒரு ரீல்

பாஸ்டன் நகரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் சாகமோர் பாலம் வரும். பாலத்தில் ஏறும்போது கீழே பார்த்தால் பச்சையும் சாம்பலும் கலந்த நீர் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். ஆறு என்றுதான் நினைப்பீர்கள். ஆறில்லை, 1914இல் திறக்கப்பட்ட கேப் காட் கால்வாய். கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப, ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நீரோட்டம் திசை மாறும். இரு கரையிலும் ஏழு மைல் நீளத்துக்குச் சாலை. அந்தச் சாலையில் விடியற்காலை நான்கு மணிக்கு, பத்தடி, பதினோரடித் தூண்டில் கம்புகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள்.

காட் என்றதும் நம் ஊர்க் காடு நினைவுக்கு வரலாம். இது மீனின் பெயர். 1602இல் இந்தப் பக்கம் வந்த பார்த்தலமியூ கோஸ்னால்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர், காட் மீன் ஏராளமாகக் கிடைத்ததால் இந்த முனைக்கு அந்தப் பெயரை வைத்தார். ஆனால் இன்று அந்தச் சைக்கிள்காரர்கள் தேடிப் போவது வேறொரு மீனை. வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால் வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள். ஸ்டிரைப்டு பாஸ் என்பது முழுப்பெயர். ஊரார் வாயில் ஸ்டிரைப்பர்.

என் அக்கா பாஸ்டனில் தாதியாக வேலை செய்கிறார். பதினோரு ஆண்டுகளாக அங்கேதான் குடும்பம். மீன்பிடிக்கும் பழக்கம் மட்டும் கேரித் தீவிலிருந்து கூடவே போயிருக்கிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இருவரையும் லங்காட் ஆற்று முகத்துக்கு அழைத்துப் போவார். சியாக்காப், அதாவது நம் கொடுவா மீன்தான் அவருக்கு இலக்கு. கம்பு, ரீல் எதுவும் கிடையாது. பால் டின்னில் சுற்றிய நைலான் நரம்பு, அவ்வளவுதான். இந்த ஜூன் மாதம் வானொலியில் எனக்கு இரண்டு வார விடுப்பு கிடைத்தது. அக்கா தொலைபேசியில் சொன்னது ஒன்றே ஒன்று: "வாடா தம்பி, ஒரு ரீல் வாங்கணும். ஒனக்கும் காட்டணும்."

ஒரு ரீல் வாங்க உலகத்தின் மறுபக்கத்திலிருந்து தம்பியை வரவழைக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அத்தானும் அதைத்தான் கேட்டார்.

காரணம் போன ஆண்டு ஆகஸ்டில் நடந்தது. அக்காவிடம் அப்போது இருந்தது, மலை ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்கும் மெல்லிய கம்பும் சிறிய ரீலும். அதை எடுத்துக்கொண்டு கடலோரம் போயிருக்கிறார். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஸ்டிரைப்பர் ஒன்று மாட்டியது. நுனி நரம்பு எட்டுப் பவுண்டு இழுவையைத்தான் தாங்கும், அதனால் அழுத்திப் பிடிக்க முடியாது. மீன் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கரைக்குக் கொண்டுவர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. தூண்டிலைக் கழற்றி நீரில் விட்டால் மீன் நிமிரவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தது. அரை மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டு முட்டளவு நீரில் நின்றிருக்கிறார். பிழைக்கவில்லை. சட்டப்படி அந்த அளவு மீனை வீட்டுக்கு எடுத்துப் போகவும் கூடாது. செத்திருந்தாலும் கடலிலேயே விட வேண்டும். விட்டுவிட்டு வந்தார். அந்த ஆண்டு அதற்குப் பிறகு அவர் கம்பைத் தொடவே இல்லை.

இந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டிரைப்பர் கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடும் மீன். நம் சியாக்காப் நேர்மாறு, அது ஆற்றில் வளர்ந்து உப்பு நீருக்குப் போய் முட்டையிடும். வசந்தத்தில் செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகளிலும் ஹட்சன் ஆற்றிலும் முட்டையிட்டுவிட்டு, ஸ்டிரைப்பர் கூட்டங்கள் கரையோரமாக வடக்கே நீந்தும். ஏப்ரல் கடைசி, மே வாக்கில் மாசசூசெட்ஸ் கரையை அடையும். குளிருக்குத் தெற்கே திரும்பிவிடும். இந்த மீனைக் காக்கச் சட்டம் போடுவது அங்கே புதிதல்ல. 1639இலேயே, ஸ்டிரைப்பரையும் காட் மீனையும் வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் தடை விதித்தார்கள். அந்த அளவுக்கு அள்ளியிருக்கிறார்கள்!

1980களின் தொடக்கத்தில் மீன் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1985 முதல் 1990 வரை மேரிலாந்து மாநிலம் பிடிப்பதையே அடியோடு நிறுத்தியது. பலன் கிடைத்தது. 1995இல் மீன்வளம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் இப்போது மறுபடியும் சரிவு. 2019 முதல் செசபீக்கில் குஞ்சுகள் ஆண்டுக்கு ஆண்டு சராசரிக்கும் கீழேதான். ஆகவே, 2023 முதல் பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர் கடலோரத்தில் ஒரு நாளைக்கு ஒரு மீனைத்தான் எடுக்கலாம். அதுவும் 28 அங்குலத்துக்கு மேல், 31 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். சிறியதும் கூடாது, பெரியதும் கூடாது. பெரியவை பெரும்பாலும் பெண் மீன்கள். ஒரே பருவத்தில் இலட்சக்கணக்கில் முட்டையிடுபவை. மீன்காரர்கள் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் பசு. 28 அங்குலம் எட்டாத பொடியன்களை ஸ்கூலி என்பார்கள்.

இதனால் பிடிபடும் மீன்களில் பெரும்பாலானவை திரும்ப விடப்படுகின்றன. அப்படி விடப்படும் நூறு மீன்களில் ஒன்பது இறந்துவிடும் என்றுதான் மீன்வள நிர்வாகிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். கடல் நீர் சூடேறும் கோடையில், களைத்துப்போன மீனுக்கு இன்னும் ஆபத்து. அக்கா தாதி அல்லவா, அவருக்கு இது நிமிடக் கணக்கு. எவ்வளவு சீக்கிரம் மீனைக் கைக்குக் கொண்டுவந்து விடுகிறோமோ அவ்வளவுக்கு அது பிழைக்கும். "பிடிக்கிறதுக்கு எந்த ரீலும் போதும்டா. உசுரோட விடுறதுக்குத்தான் நல்ல ரீல் வேணும்" என்றார் காரில். பின்னிருக்கையில் அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார்.

கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு தூண்டில் கடை. வாசலில் குளிர்பெட்டியில் உயிர் இரை, உள்ளே கூரை வரை கம்புகள். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். ரீல் வேண்டும் என்றதும் எதையும் எடுத்து வைக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டார். எங்கே நின்று பிடிக்கப் போகிறீர்கள்? உங்கள் கம்பின் எண் என்ன? எந்தக் கையால் சுற்றுவீர்கள்?

அக்கா பிடிப்பது ஃப்ளை ஃபிஷிங் முறையில். இதைத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். சாதாரணத் தூண்டிலில் இரையின் அல்லது ஈயக் குண்டின் எடை, மெல்லிய நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். ஃப்ளை முறையில் நுனியில் இருப்பது இறகும் மயிரும் கட்டிய முள், எடையே கிடையாது. ஆகவே நரம்பையே தடிமனாக, எடையோடு செய்துவிடுகிறார்கள். வீசும்போது பறப்பது அந்த லைன்தான், இறகு அதன் பின்னால் போகிறது. கம்பின் எண் என்பது எவ்வளவு எடையுள்ள லைனை அது வீசும் என்பதைக் குறிக்கும். 9ஆம் எண் லைனின் முதல் முப்பது அடி சுமார் பதினைந்தரை கிராம். டிரவுட்டுக்கு 4, 5 போதும். கடல் காற்றை எதிர்த்து, கைநீளப் பெரிய இறகுத் தூண்டிலை வீச வேண்டிய ஸ்டிரைப்பருக்கு 8 முதல் 10 வரை. நடுவில் உள்ள 9தான் பெரும்பாலோர் எடுப்பது, ஒன்பதடிக் கம்பு. அக்கா முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததும் அதுதான்.

ஓடையில் ரீலுக்கு வேலையே இல்லை, லைனைச் சுற்றி வைக்கும் பெட்டி மாதிரி. கடலில் மீன் ஓடத் தொடங்கும்போதுதான் ரீல் வேலையைத் தொடங்குகிறது. கடைக்காரர் நான்கு ரீல்களை மேசையில் வரிசையாக வைத்தார். மலிவானது நூறு டாலருக்குச் சற்று மேல், கடைசியில் இருந்தது ஆயிரத்தைத் தொட்டது. நம் காசுக்குச் சுமார் நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அவர் ஒவ்வொன்றிலும் நரம்பைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

வித்தியாசம் விரலில் தெரிந்தது. சுருள் ஓடும்போது அதைப் பிடித்து நிறுத்தும் தடைக்கு டிராக் என்று பெயர், கார் பிரேக் மாதிரி. மலிவான ரீலில் முதலில் அசையவில்லை, பிறகு ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு ஓடியது. அந்த வெட்டில்தான் நரம்பு அறுகிறது. அறுகக் கூடாது என்று டிராக்கைத் தளர்த்தி வைத்தால் மீன் நெடுநேரம் ஓடிக் களைத்துப் போகிறது. நல்ல ரீலில் அந்த வெட்டு இல்லை, முதல் விரற்கடையிலிருந்தே ஒரே சீராக வந்தது. ஆக, டிராக் எவ்வளவு பலமானது என்பதைவிட எவ்வளவு மென்மையாகத் தொடங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நுனி நரம்பு 20 பவுண்டு தாங்கும் என்றால், டிராக்கை அதன் கால் பங்கில், அதாவது இரண்டேகால் கிலோ அளவில் வைப்பது வழக்கம். அதைத் தராத கடல் ரீல் எதுவும் இல்லை. பத்து கிலோ டிராக் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது சூரை மீன் பிடிப்பவருக்கு உதவலாம். ஸ்டிரைப்பருக்கு அது வெறும் விளம்பரம்.

அடுத்து சுருளின் அகலம். ஃப்ளை ரீலில் பல்சக்கரம் கிடையாது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் சுருளும் ஒரு சுற்றுதான். எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள சுருளில் ஒரு சுற்றுக்கு 25 சென்டிமீட்டர் உள்ளே வரும். நான்கு சென்டிமீட்டர் என்றால் அதில் பாதி. மீன் திடீரென்று உங்களை நோக்கி ஓடி வந்தால் இந்தக் கணக்கு புரியும். லைன் தொய்ந்தால் முள் கழன்றுவிடும். ஆகவே, நடு உருளை பெரிதாக உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். லார்ஜ் ஆர்பர் என்று கேட்டால் தருவார்கள். லைனுக்குப் பின்னால் 20 பவுண்டு டேக்ரான் கயிறு 150 முதல் 200 கஜம் கொள்ள வேண்டும். அதற்கு மேல் இடம் இருந்தால் நீங்கள் தூக்கிச் சுமக்கும் எடைதான் கூடும்.

மூன்றாவது உப்பு. அச்சில் வார்த்த மலிவு உலோகம் ஒன்றிரண்டு பருவத்தில் பொரிந்துவிடும். முழு அலுமினியக் கட்டையிலிருந்து கடைந்து, அனோடைஸ் செய்த ரீல்தான் கடலுக்கு. டிராக் உள்ளே மணலும் நீரும் புகாமல் மூடி முத்திரையிட்டதாக இருந்தால் பராமரிப்பு குறைவு. ஆயிரம் டாலர் ரீல் தக்கை வட்டு வைத்த பழைய பாணி. கடைக்காரரே இருபது ஆண்டாக அதைத்தான் வைத்திருக்கிறாராம், அடிக்கடி திறந்து எண்ணெய் தடவத் தயாராக இருந்தால் பேரனுக்கும் கொடுக்கலாம் என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, முந்நூறு டாலருக்குள் இருந்த மூன்றாவது ரீலை அக்காவின் பக்கம் தள்ளினார். மிச்சக் காசில் லைன் வாங்குங்கள் என்றார்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. அவர் சொன்னதும் சரிதான். ஃப்ளை தூண்டிலில் முதலில் பணம் போட வேண்டியது லைனில்தான் என்று இப்போது நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டிரைப்பருக்கு ஒரே ஒரு லைன் என்றால் இன்டர்மீடியட். மிதக்காது, வேகமாக மூழ்கவும் மூழ்காது. அலைக்கு ஓரடி இரண்டடி கீழே மெல்ல இறங்கும். இரை மீன்கள் நீந்துவது அந்த ஆழத்தில்தான். இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குளிர் நீருக்குச் செய்த லைனை மலேசியாவுக்குக் கொண்டுவந்தால் நம் வெயிலில் வேகவைத்த மீ போலத் தொய்ந்துவிடும். நம் ஊருக்குச் செய்த லைனை அங்கே கொண்டுபோனால் ஸ்பிரிங் போலச் சுருண்டு நிற்கும். பெட்டியில் வெப்பமண்டலமா, குளிர் நீரா என்று எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

தூண்டில்களில் இரண்டு வகை எடுத்தோம். ஒன்று கிளௌசர். பாப் கிளௌசர் என்பவர் 1980களில் ஆற்று மீனுக்காகக் கட்டியது. கண்ணுக்குப் பதில் உலோகக் குண்டு இருப்பதால் தலைகுப்புற இறங்கி, முள் மேல்நோக்கி நிற்கும், மணலில் சிக்காது. மற்றது டிசீவர். மேரிலாந்தைச் சேர்ந்த லெஃப்டி கிரே உருவாக்கியது. 1991இல் அமெரிக்க அஞ்சல் துறை அதற்குத் தபால் தலையே வெளியிட்டது. ஒரு இறகுத் தூண்டிலுக்குத் தபால் தலை! இரண்டின் முள்ளிலும் உள்ள கொளுவியைக் கடைக்காரர் குறட்டால் நசுக்கிக் கொடுத்தார், மீன் வாயிலிருந்து எளிதில் கழற்ற. உரிமச் சீட்டு பத்து டாலர், வெளியூர்க்காரருக்கும் அதே விலை. வயது அறுபது ஆனவர்களுக்கு இலவசம்.

மறுநாள் விடியுமுன் பிரூஸ்டர் போனோம். கேப் காட் விரிகுடாவின் தென்கரை அது. கடல் வற்றும்போது ஒரு மைலுக்கும் மேல் மணல் திட்டாக வெளியே வரும். நடந்துகொண்டே போகலாம். அழகில் மயங்கி நின்றால் ஆபத்து. நீர் திரும்பும்போது நமக்குப் பின்னால் இருக்கும் பள்ளங்களில்தான் முதலில் ஏறும், மூடுபனி வந்தால் கரை எந்தப் பக்கம் என்றே தெரியாது. அக்கா திசைகாட்டியைக் கழுத்தில் மாட்டியிருந்தார். நீர் திரும்பும் நேரத்துக்குத் தொலைபேசியில் மணி வைத்திருந்தார். மார்பு வரை வரும் நீர்புகா உடைக்கு இடுப்பில் இறுக்கமாக ஒரு பெல்ட். தவறி விழுந்தால் உள்ளே நீர் நிரம்பாமல் இருக்க அது கட்டாயம். ஜூன் மாதமாகியும் நீர் ஐஸ் பெட்டி மாதிரிதான் இருந்தது.

ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்று வீசினார். இடுப்பில் கட்டிய கூடையில் லைன் வட்டவட்டமாக விழுந்தது. எனக்கு வீசக் கற்றுக்கொடுத்த நேரத்தில் இரண்டு ஸ்கூலிகள் என் தூண்டிலிலும் வந்து போயின. கையளவைவிடக் கொஞ்சம் பெரியவை, படு சுட்டி. பெரியது அக்காவுக்குத்தான். கூடையில் இருந்த லைன் எல்லாம் ஒரே வீச்சில் வெளியே பறந்தது, பிறகு ரீல் பாடத் தொடங்கியது. வானொலியில் எத்தனையோ ஒலிகளைக் கேட்டவன் நான். அந்தச் சத்தத்தை அப்படியே பதிவுசெய்திருக்கலாம். கிறீச்சென்று இல்லை, ஒரே சீரான ரீங்காரம். அக்கா கம்பைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார், மீன் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம். டேக்ரான் கயிறு பத்துப் பதினைந்து மீட்டர் வெளியே போனது. ஒரு முறை மீன் எங்களை நோக்கியே ஓடி வந்தது. அகலச் சுருள் லைனைத் தொய்யவிடாமல் வாரிச் சுற்றியது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம்.

கம்பில் ஒட்டியிருந்த அளவுக்குறிக்கு மேலே வால் நீண்டது, முப்பத்து நான்கு அங்குலம் இருக்கும். சட்டத்துக்கு மிகப் பெரியது. அக்கா அதை நீரிலிருந்து தூக்கவே இல்லை. கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்தார். பல் உப்புத்தாள் மாதிரிதான், கடிக்காது. முள்ளைத் திருப்பி எடுத்து, தலையை நீரோட்டத்துக்கு நேராக வைத்தார். படம் எடுக்கட்டுமா என்றேன். "எடுக்காதே. இரு" என்றார். செவுள் இரண்டு முறை விரிந்தது, மூன்றாவது முறை மீன் அவர் விரலை அழுத்திக் கவ்வியது. கையை விட்டார். வாலால் அடித்த நீர் என் முகத்தில் விழுந்தது. கோடுகள் மட்டும் கொஞ்ச நேரம் மணலுக்கு மேலே தெரிந்தன.

அக்கா எதுவும் பேசவில்லை. டிராக்கைச் சரிபார்த்தார், நுனி நரம்பில் உரசல் உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தார், மறுபடி வீசினார். மணி அடித்ததும் கரைக்குத் திரும்பினோம். அத்தான் பசியாறக் காப்பியும் டோனட்டும் வாங்கி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரீலைக் குழாயடியில் மெல்லிய நீரில் கழுவி, டிராக்கை முழுவதும் தளர்த்திக் காய வைத்தார். பீய்ச்சி அடிக்கக் கூடாது, உப்பு உள்ளே போய்விடும். தளர்த்தாமல் வைத்தால் வட்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

ஊர் திரும்பும் நாளில் என் பையில் ஒரு பொட்டலம் வைத்தார். அதே ரீலின் இரண்டாவது சுருள், வெறும் சுருள் மட்டும். டிசம்பரில் பிள்ளைகளோடு வருகிறாராம். கென்யிர் ஏரியில் தோமான் மீனுக்கு வீச வேண்டுமாம். அதற்குள் வெப்பமண்டலத்துக்கான மிதக்கும் லைன், 9ஆம் எண், அந்தச் சுருளில் ஏற்றி வைக்க வேண்டும். விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் குறையாமல் இடம் விட்டு.

கோலாலம்பூரில் இரண்டு கடைகளில் விசாரித்துவிட்டேன். 9ஆம் எண் இருப்பில் இல்லை, 8தான் இருக்கிறது. அடுத்த வாரம் வரும் என்கிறார்கள்.